நவம்பர் 1: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்கப்படும் ‘வரலாற்றில் இன்று’ பகுதி குறித்துப் புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பாதிக்கு மேல் நவம்பர் 1ஐப் பற்றியவை. ஆகவே அந்த ஒரு நாளையே ஆற அமரப் பார்த்துவிடலாம்.

நவம்பர் 1 என்று தேடினால் முப்பது நாற்பது நிகழ்வுகள் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் வாசித்தால் பிள்ளைகள் நெளிகிறார்கள். எதை வைப்பது, எதை விடுவது?
– ஆசிரியை, வில்லியனூர்

நான்கு போதும். சொந்த ஊரைச் சேர்ந்தது ஒன்று, மாநிலத்தையோ நாட்டையோ சேர்ந்தது ஒன்று, தொலைதூரத்தில் நடந்தது ஒன்று, ஒரு பிறந்தநாள். நவம்பர் 1க்கு எங்கள் தேர்வு: 1954இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன, 1755இல் லிஸ்பன் நகரை நிலநடுக்கமும் சுனாமியும் அழித்தன, 1880இல் ஆல்ஃபிரட் வெகனர் பிறந்தார்.

ஒரு நிகழ்வைச் சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே நடந்தது? யார், என்ன செய்தார்கள்? அதனால் என்ன மாறியது? மூன்றாவதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் வரவில்லையென்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். 1993 நவம்பர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பெரிய செய்திதான், ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை விளக்கவே கூட்டத்தின் நேரம் முழுவதும் போய்விடும். 1512இல் மைக்கேலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் ஆலய மேற்கூரை ஓவியங்கள் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டதும் இதே தேதியில்தான். படத்தைக் காட்ட வழியிருந்தால் சேருங்கள். படமில்லாமல் ஓவியத்தைப் பற்றிப் பேசினால் பிள்ளைகளிடம் எதுவும் தங்காது.

வாசிப்பு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதற்கு 250 சொல் தாராளம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஆண்டையும் தேதியையும் தவிர ஓரிரு எண் சொன்னால் போதும். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு’ என்று வாசித்து முடிப்பதற்குள் கேட்பவர் கவனம் போய்விடும். ஆண்டை ஒரு முறை நிறுத்திச் சொல்லிவிட்டு, ‘இந்தியா விடுதலை பெற்று ஏழு ஆண்டுகள் கழித்து’ என்று தெரிந்த ஒன்றோடு கோத்துவிடுங்கள். முதல் நிகழ்வுக்கு ஒரு மாதிரி:

“1954 நவம்பர் 1, திங்கட்கிழமை. அதுவரை புதுச்சேரியையும் காரைக்காலையும் ஆண்டது பிரெஞ்சு அரசு. இந்தியாவோடு இணையவேண்டும் என்று இங்குள்ள மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 1 அன்று, நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. கீழூரில் அந்த வாக்கெடுப்பின் நினைவிடம் இன்றும் இருக்கிறது.”

புதுச்சேரிப் பள்ளிகளுக்கு நவம்பர் 1 விடுமுறை. அதனால் முந்தைய வேலைநாளிலேயே வாசித்தாக வேண்டும். அப்போது ‘இன்று’ என்று எழுதிய தாளை அப்படியே எடுத்து வாசித்துவிடக் கூடாது. எங்கெல்லாம் ‘நாளை’ என்று வரவேண்டுமோ அங்கெல்லாம் முதல் நாளே திருத்தி வையுங்கள். கடலூர்ப் பள்ளிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆகஸ்ட் 15க்கும் கொடி ஏற்றுகிறோம், ஆகஸ்ட் 16க்கும் விழா, நவம்பர் 1க்கும் விழா. புதுச்சேரிக்கு எதுதான் விடுதலை நாள்?
– ஏழாம் வகுப்பு மாணவன், முத்தியால்பேட்டை

நல்ல கேள்வி, தம்பி. மூன்றும் மூன்று வேறு செயல்களைக் குறிக்கின்றன. எந்த நாளில் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவை விட்டுப் போனது ஆங்கிலேயர் ஆட்சி. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்தர்நாகூர் ஆகிய ஐந்தும் பிரான்சிடம் இருந்தன. ஆகவே அன்று இவற்றில் ஆட்சி மாறவில்லை. இன்று நாம் இந்தியக் குடிமக்கள் என்பதால் ஆகஸ்ட் 15ஐக் கொண்டாடுகிறோம்.

1954 நவம்பர் 1 அன்று மாறியது நிர்வாகம். அக்டோபர் 18இல் கீழூர் வாக்கெடுப்பு முடிந்தது. அக்டோபர் 21இல் இரு நாடுகளும் டெல்லியில் உடன்பாடு செய்துகொண்டன. நவம்பர் 1 முதல் காவல்துறை, அலுவலகங்கள், வரி எல்லாம் இந்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. கேவல் சிங் முதல் தலைமை ஆணையரானார். மாஹேயும் ஏனாமும் அந்த ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களிலேயே பிரெஞ்சுப் பிடியிலிருந்து விடுபட்டுவிட்டன. சந்தர்நாகூர் தனிவழி போய் 1954 அக்டோபர் 2இல் மேற்கு வங்கத்தோடு சேர்ந்துவிட்டது.

ஆனால் சட்டத்தின் கண்ணில் புதுச்சேரி அப்போதும் பிரெஞ்சு மண்தான். 1956 மே 28இல் இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். அந்த ஒப்புதல் வர ஆறு ஆண்டுகள் ஆயின. பிரான்ஸ் அப்போது அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்தது. அது முடிந்த 1962இல்தான், ஆகஸ்ட் 16 அன்று, ஒப்புதல் பத்திரங்கள் டெல்லியில் கைமாறின. சட்டப்படி புதுச்சேரி இந்தியாவின் பகுதியானது அன்றுதான். 1963 ஜூலை 1இல் யூனியன் பிரதேசமானது.

ஆகஸ்ட் 16ஐ வெறும் காகித நாள் என்று நினைத்துவிடாதே. இங்கு பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் அன்று இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் வழி இருந்தது. இன்று புதுச்சேரியில் பல குடும்பங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருப்பதன் வேர்களில் இதுவும் ஒன்று.

நவம்பர் 1ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுவது 2014 முதல் அரசு முடிவாக இருந்து வருகிறது. ஆகவே உன் கேள்விக்கு நேரடி விடை நவம்பர் 1.

கட்டுரை எழுதும்போது பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. கீழூரில் ‘மக்கள் அனைவரும் வாக்களித்தனர்’ என்று எழுதுவது ஒன்று. வாக்களித்தவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். ‘போரில் தோற்றுப் பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறினர்’ என்பது மற்றொன்று. போர் நடக்கவில்லை, ஆனால் உயிரிழப்பு இல்லாமலும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

நாங்கள் கடலூர்க்காரர்கள். எங்கள் பிள்ளைக்கு நவம்பர் 1இல் என்ன சொல்வது? ‘தமிழ்நாடு நாள்’ நவம்பர் 1ஆ, ஜூலை 18ஆ?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

1956 நவம்பர் 1 அன்று நாட்டின் மாநில எல்லைகள் மொழி அடிப்படையில் மாற்றி வரையப்பட்டன. பழைய சென்னை மாநிலத்திலிருந்து மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போயின. திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக நம்மிடம் வந்தன. செங்கோட்டையும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. திருத்தணி அன்று வரவில்லை. அது 1960 ஏப்ரல் 1இல்தான் சேர்ந்தது. இதைப் பலர் 1956 கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

எல்லை அமைந்த நாள் என்பதால் 2019இல் நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாக அரசு அறிவித்தது. 2021இல் அது ஜூலை 18க்கு மாற்றப்பட்டது. மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டும் தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது என்பதே காரணம். அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. ஆகவே இப்போதைய அரசு நாள் ஜூலை 18. நவம்பர் 1ஐ எல்லை அமைந்த நாள் என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டையும் ஒரே வரியில் திணித்தால் பிள்ளை பெயரையும் எல்லையையும் கலந்துகொள்ளும்.

ஒரு பழைய வரைபடமும் புதிய வரைபடமும் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். வந்த வட்டங்களைப் பச்சையிலும் போனவற்றைச் சிவப்பிலும் பிள்ளையையே தீட்டச் சொல்லுங்கள்.

ஹரியானா (1966), சத்தீஸ்கர் (2000) மாநிலங்கள் பிறந்ததும், மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியதும் (1973) நவம்பர் 1தான்.

நவம்பர் 1இல் பிறந்த பெரியவர்கள் யார்? விளையாட்டு, சினிமா தவிர வேறு யாராவது உண்டா?
– எட்டாம் வகுப்பு மாணவி, பாகூர்

உண்டு. அவரைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறோம். மற்ற இருவரை முதலில் முடித்துவிடுவோம். வி.வி.எஸ். லட்சுமண் 1974இல் ஹைதராபாதில் பிறந்தார். 2001 மார்ச்சில் கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, தொடர்ந்தாடும்படி பணிக்கப்பட்ட (ஃபாலோ ஆன்) நிலையிலிருந்து 281 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா அந்தப் போட்டியை வென்றது. ஐஸ்வர்யா ராய் 1973இல் மங்களூரில் பிறந்தார். அவர் பிறந்த அதே நாளில்தான் மங்களூர் இருக்கும் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்ற பெயர் வந்தது. வகுப்பில் சொன்னால் யாரும் மறக்கமாட்டார்கள்.

ஆல்ஃபிரட் வெகனர் 1880 நவம்பர் 1 அன்று பெர்லினில் பிறந்தார். வானிலை ஆய்வாளர். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதை அவருக்கு முன்பும் பலர் கவனித்திருந்தார்கள். வெகனர் அதோடு நிற்கவில்லை. இரண்டு கரைகளிலும் ஒரே வகைப் பாறை அடுக்குகள், ஒரே தொல்லுயிர் எச்சங்கள் இருப்பதைத் தொகுத்தார். குளோசாப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் எச்சம் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கிடைக்கிறது. அதன் கனமான விதை கடல் தாண்டிப் போயிருக்க முடியாது. அப்படியென்றால் நிலங்களே ஒன்றாக இருந்து பிரிந்திருக்க வேண்டும். 1912 ஜனவரியில் இதை அறிவித்தார்.

அவர் உயிரோடு இருந்தவரை பெரும்பாலான நிலவியலாளர்கள் ஏற்கவில்லை. காரணம் நியாயமானது: இவ்வளவு பெரிய நிலத்தை எந்த விசை நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. கடலடித் தரையை ஆராயும் கருவிகள் வந்தபின், 1960களில்தான் அவர் சொன்னதன் சாரம் சரி என்று தெரிந்தது. இந்தியா இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. உன் கைநகம் வளரும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

இதை நீயே செய்து பார்க்கலாம். தட்டையான சுவர் வரைபடத்திலிருந்து கண்டங்களை வெட்டினால் சரியாகப் பொருந்தாது. உருண்டையைத் தட்டையாக்கும்போது துருவப் பக்கத்து நிலங்கள் பெருத்துவிடும். உலக உருண்டையின் மேல் எண்ணெய்த்தாளை வைத்து வரைந்துகொள். கரையோரக் கோட்டை விட, அதையடுத்த ஆழமற்ற கடலின் விளிம்பை வெட்டினால் பொருத்தம் நெருங்கிவரும். கடல் நிறத்தில் வெளிர்நீலம் முடிந்து அடர்நீலம் தொடங்கும் இடம்தான் அந்த விளிம்பு. கடைசியில் இந்தியாவின் கிழக்குக் கரையை அண்டார்க்டிகாவோடு சேர்த்துப் பார். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரைக்கு எதிரே வங்கக்கடல் இல்லை, அண்டார்க்டிகாதான் ஒட்டியிருந்தது. பிரிந்தது சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்.

வெகனர் இறந்த தேதியை எழுதும்போது கவனம் தேவை. கிரீன்லாந்தின் பனிப்பீடபூமி நடுவே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு உணவும் பொருளும் கொண்டு சென்றவர், தம் 50ஆவது பிறந்தநாளான 1930 நவம்பர் 1 அன்று அங்கிருந்து கடற்கரை நோக்கித் திரும்பினார். கூடச் சென்றவர் ராஸ்முஸ் வில்லும்சன் என்ற கிரீன்லாந்து இளைஞர். இருவரும் ஊர் சேரவில்லை. அடுத்த ஆண்டு மே 12இல் வெகனரின் உடல் மட்டும் கிடைத்தது. வில்லும்சன் கிடைக்கவே இல்லை. வெகனர் எந்த நாளில் இறந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. ஆகவே ‘1930 நவம்பர்’ என்று மாதத்தோடு நிறுத்து. சரியான தேதி போட்டிருக்கும் பட்டியல் ஏதாவது கண்ணில் பட்டால், அது ஊகம் என்று தெரிந்துகொள்.

லிஸ்பன் எங்கோ போர்ச்சுகலில் இருக்கிறது. 1755இல் அங்கு நடந்ததை இங்குள்ள பிள்ளைகளுக்கு ஏன் சொல்லவேண்டும்?
– வாசகர், தேவனாம்பட்டினம்

2004 சுனாமி தாக்கிய கடலூர்க் கடற்கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. அனைத்துப் புனிதர் திருநாள். காலை சுமார் 9.40க்கு நிலம் குலுங்கியபோது தேவாலயங்கள் நிறைந்திருந்தன. கட்டடங்களுக்குப் பயந்து திறந்தவெளி தேடிய பலர் துறைமுகப் பக்கம் ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி, ஆற்றுமுகத்தின் தரை தெரிந்தது. முதல் அதிர்வுக்குச் சுமார் 40 நிமிடம் கழித்து அலை வந்தது. சாய்ந்த மெழுகுவர்த்திகளாலும் அடுப்புகளாலும் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

பிறகு நடந்ததுதான் பிள்ளைகளுக்கு முக்கியம். போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் ஒவ்வொரு பங்குக்கும் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி) ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? பின்னதிர்வு எத்தனை? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? அந்த விடைகளை வைத்துத்தான் இன்றைய ஆய்வாளர்கள் அந்த நிலநடுக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். நடந்ததைத் தெய்வ கோபம் என்று மட்டும் பார்க்காமல், கேட்டு எழுதி வைக்கும் வழக்கத்துக்கு அது ஒரு பெரிய தொடக்கம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை சுமார் 6.30க்கு சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அலை நம் கரைக்கு வரச் சுமார் 2 மணி நேரம் ஆனது. அந்த 2 மணி நேரத்தில் எச்சரிக்க அன்று இந்தியப் பெருங்கடலில் அமைப்பு எதுவும் இல்லை. இப்போது ஹைதராபாதில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

பிள்ளைகளிடம் மூன்று செய்தியைத் தெளிவாகப் பதிய வையுங்கள். கடல் திடீரென உள்வாங்கினால் சிப்பி பொறுக்கவோ மீன் பிடிக்கவோ போகக் கூடாது, மேட்டை நோக்கி ஓடவேண்டும். நிலம் அதிரவில்லை என்பதால் அலை வராது என்று எண்ணக் கூடாது, 2004இல் அலைக்குக் காரணமான அதிர்வு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கத் திரும்பக் கூடாது, அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள். லிஸ்பனை 1ஆம் தேதி வாசித்துவிட்டு, 5ஆம் தேதி வெளியேறும் பயிற்சி வைத்தால் இரண்டும் சேர்ந்து மனதில் நிற்கும்.

ஒரே நிகழ்வுக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி இருக்கிறது. எது சரி?
– நூலகத் தன்னார்வலர், நெய்வேலி

பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது நாட்காட்டி. இதற்கு நம் ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிரான்ஸ் 1582லேயே புதிய கிரெகொரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. அதனால் 1740களில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எழுதிய தேதிக்கும், இருபது கிலோமீட்டருக்குச் சற்றுத் தள்ளியிருந்த கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர் எழுதிய தேதிக்கும் 11 நாள் வித்தியாசம். 1746இல் பிரெஞ்சுப் படையிடம் சென்னை பணிந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. போதாததற்கு அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான கடிதங்களில் ஆண்டே ஒன்று குறைந்திருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6இல் தொடங்குகிறது. அவர் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமையோடு ஐரோப்பியத் தேதியும் சேர்த்து எழுதியதால் சரிபார்க்க எளிது. 1582க்கு முந்தைய நிகழ்வுகளை மாற்றிக் கணக்கிட வேண்டாம், பதிவில் உள்ளபடியே விடுவதுதான் வழக்கம். சிஸ்டைன் ஓவியத்தின் நவம்பர் 1, 1512 அப்படிப்பட்டதே.

இரண்டாவது நேர வேறுபாடு. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. நமக்கு ஜூலை 21 காலை 8.26. எந்த ஊர் நேரம் என்று சொல்லிவிட்டால் சண்டையில்லை.

மூன்றாவது, எந்தச் செயலைச் சொல்கிறோம் என்பது. கையெழுத்து, ஒப்புதல், நடைமுறை மூன்றும் மூன்று நாளில் நடக்கும். மேலே புதுச்சேரிக்கே நான்கு தேதி பார்த்தோம். பழைய நாளிதழைப் பார்த்துத் தேதி எடுப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும்: 1ஆம் தேதி நடந்தது 2ஆம் தேதி இதழில்தான் வரும்.

பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11ஆ, 12ஆ?
– மாணவி, புதுச்சேரி

அவர் 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்து, விடியும் முன் காலமானார். கடிகாரக் கணக்கில் அது 12. சூரிய உதயத்தில் நாள் தொடங்கும் நம் வழக்கப்படி அது இன்னும் 11. ‘செப்டம்பர் 11 பின்னிரவு’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு தேதி என்ன கிழமை என்று நாட்காட்டி இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், பண்ருட்டி

முடியும். தேதியைச் சரிபார்க்கவும் இது உதவும். மாதங்களுக்கான எண்களை மனப்பாடம் செய்துகொள்: ஜனவரி 0, பிப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 6, மே 1, ஜூன் 4, ஜூலை 6, ஆகஸ்ட் 2, செப்டம்பர் 5, அக்டோபர் 0, நவம்பர் 3, டிசம்பர் 5.

1954 நவம்பர் 1ஐ எடுத்துக்கொள். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் 54. அதை 4ஆல் வகுத்தால் 13, மீதியை விட்டுவிடு. மாத எண் 3. தேதி 1. கூட்டு: 54 + 13 + 3 + 1 = 71. இதை 7ஆல் வகுத்தால் மீதி 1. மீதி 0 என்றால் ஞாயிறு, 1 திங்கள், 2 செவ்வாய் என்று 6 சனி வரை. ஆக, திங்கட்கிழமை.

1900களுக்கு இது போதும். 2000களுக்கு 6 கூட்டவேண்டும், 1800களுக்கு 2, 1700களுக்கு 4. லிஸ்பனைப் போட்டுப் பார்: 55 + 13 + 3 + 1 + 4 = 76, மீதி 6, சனி. சரியாக வருகிறது.

விடை தப்பினால் இரண்டு இடத்தைப் பார். நெட்டாண்டின் (லீப் ஆண்டு) ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்குக் கூட்டிலிருந்து 1 கழிக்கவேண்டும், அதை மறந்திருப்பாய். அல்லது 4ஆல் வகுத்த மீதியையும் சேர்த்துக் கூட்டியிருப்பாய். 1752க்கு முந்தைய ஆங்கிலேயர் தேதிகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்குக் காரணம் நெய்வேலி வாசகருக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

தாழ்வாரத்தில் ‘இன்றைய நாள்’ பலகை வைக்கிறோம். யாரும் நின்று படிப்பதில்லை. மழைக்காலத்தில் எழுத்தும் கலைகிறது.
– ஆசிரியர், கடலூர்

எழுத்து சிறிதாக இருப்பதுதான் முதல் காரணம். 3 மீட்டர் தள்ளி நடந்துபோகும் பிள்ளை படிக்க எழுத்து 2.5 செ.மீ. உயரமாவது வேண்டும். கடையில் கிடைக்கும் சார்ட் தாள் 56க்கு 71 செ.மீ. அதை நெட்டுவாக்கில் வைத்து, நான்கு பக்கமும் 3 செ.மீ. விட்டு, தலைப்புக்கு 8 செ.மீ. ஒதுக்கினால் 12 வரி கொள்ளும். கொம்பும் சுழியும் மேல்கீழ் வரியில் இடிக்காமல் இருக்க, வரிக்கு வரி 2 செ.மீ. இடைவெளி அவசியம். ஒரு வரியில் இரண்டு அல்லது மூன்று சொல்தான் பிடிக்கும். ஆகத் தாளுக்கு 30 சொல். நான்கு நிகழ்வுக்கும் தலா ஏழெட்டுச் சொல் என்று பங்கிட்டு எழுதுங்கள். அதற்கு மேல் எழுதினால் எழுத்து சுருங்கும், நின்று படிக்க ஆளிருக்காது.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்கெட்ச் பேனா மை பரவும். அழியாத மார்க்கர் அல்லது போஸ்டர் வண்ணம் பயன்படுத்துங்கள். எழுதியபின் அரை மணி நேரம் காயவிடுங்கள். மைதாப் பசை வேண்டாம், பூசணம் பிடிக்கும். குண்டூசியும் உப்புக் காற்றில் நான்கே நாளில் துருவேறித் தாளில் கறை விடும். நைலான் கயிறு கட்டி பிளாஸ்டிக் கிளிப்பில் தொங்கவிட்டால் மறுநாள் தாளை மாற்றவும் எளிது. சாரல் அடிக்கும் கிழக்குப் பக்கத்தை விட்டு உள்சுவரில் மாட்டுங்கள்.

1954இலிருந்து 2024 வரை எத்தனையாவது விடுதலை நாள்? 70ஆ, 71ஆ? அழைப்பிதழில் எப்படி அச்சிடுவது?
– இளைஞர் மன்றம், அரியாங்குப்பம்

2024 நவம்பர் 1இல் 70 ஆண்டு நிறைவு பெற்றது. அன்றே 71ஆவது ஆண்டு தொடங்கியது. கொண்டாட்டங்களை எண்ணினால், 1954 நவம்பர் 1ஐயே முதல் விடுதலை நாளாகக் கொள்பவர்களுக்கு அது 71ஆவது. ‘70 ஆண்டு நிறைவு’ என்று அச்சிட்டால் எந்தக் கணக்கிலும் பிழை வராது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் நடப்பு ஆண்டிலிருந்து 1954ஐக் கழித்து, ‘நிறைவு’ என்ற சொல்லோடு போடுங்கள்.